சீஆர் கொப்பியில் மகளின் முதல் சாப்பாடு

தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருப்பவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. எந்த மெஷினைத் திறந்தாலும் திகதி, நேரம், எதைக் கழற்றினோம், எதை மாட்டினோம் என்று எழுதி வைக்காவிட்டால் கை குறுகுறுக்கும். மகளுக்கு ஆறு மாதம் முடியப்போகிற வாரத்தில் நானுஓயா டவுனில் ஒரு சீஆர் கொப்பி, தடித்த அட்டை போட்டது, வாங்கி வந்தேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்குச் சோறு ஊட்டப் போறீங்களா, ரோலருக்கு பெயரிங் மாத்தப் போறீங்களா?" என்றாள். இப்போது மூன்று மாதம் ஆகிவிட்டது. கொப்பி பாதி நிறைந்திருக்கிறது. பக்கமெல்லாம் பருப்புக் கறை. அதைப் புரட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டு நிலைமை இது. மனைவி பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் டீச்சர், லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டாள். எனக்குப் பெரும்பாலும் இரவு வேலை. அதனால் காலைச் சாப்பாடு என் பொறுப்பு, பகல் சாப்பாடு மாமியார் பொறுப்பு. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். பிள்ளைக்கு அம்மாயி, எனவே இங்கும் அம்மாயி என்றே எழுதுகிறேன்.

அம்மாயி நாலாம் மாதத்திலேயே ஆரம்பித்துவிட்டார். "நம்ம வாயையே பார்த்துக்கிட்டு இருக்கா மாப்புள, ஒரு வாய் குடுத்தா என்ன?" மிட்வைஃப் மிஸ் அசையவில்லை. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான். அதற்குப் பிறகும் கழுத்து ஆடாமல் நிற்கிறதா, முட்டுக் கொடுத்தால் உட்காருகிறாளா, கரண்டியை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்கிறாளா என்று பார்க்கச் சொன்னார். மூன்றும் சரி என்று கொப்பியில் எழுதியபோது பிறந்து 183 நாள் ஆகியிருந்தது.

முதல் நாள் கோயிலில் சோறூட்டினோம். அம்மாயி மடியில் ஒரு சிறிய தேன் போத்தல் இருந்தது. நாக்கில் ஒரு சொட்டு வைப்பது அவர்கள் வழக்கம். அதை மட்டும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு வயது முடியும் வரை தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். சும்மா கொதிக்க வைத்தாலும் அந்த வித்து சாகாது. மற்றபடி எல்லாம் நல்லபடி நடந்தது.

வீட்டில் முதல் சமையல் சிவப்புப் பச்சை அரிசி. மிலாறு (வெட்டிக் காய்ந்த தேயிலைக் குச்சி) அடுப்பில் குழைய 55 நிமிடம் பிடித்தது. கரண்டியின் முதுகால் மசித்து, தாய்ப்பால் கலந்து, உப்பு இல்லாமல் கொடுத்தேன். கொப்பியில் இப்படி இருக்கிறது: "கொடுத்தது 2 தேக்கரண்டி. உள்ளே அரை. வெளியே ஒன்றரை." முதல் வாரம் முழுக்க ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

என்ன கொடுப்பது என்று தேர்ந்தெடுத்த விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிழை அங்கேதான் தொடங்கியது. எது மெத்தென்று இருக்கும், எது மலிவு. இந்த இரண்டையும்தான் பார்த்தோம். கடையில் டின் மாக்களையும் எடுத்துப் பார்த்தேன். லேபலில் பொருட்களின் பெயரை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போடுவார்கள். ஒன்றில் சீனி மூன்றாவது இடத்தில் இருந்தது, திரும்ப வைத்துவிட்டேன். கரட் நம் ஊரில் மண்ணுக்குள்ளிருந்து வருகிறது. அடுத்த லயத்து (தோட்டத்து வரிசை வீடு) அண்ணன் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார், பை நிறையத் தருவார். பிறகு என்ன, கரட்தான்.

இரண்டாம் வாரம் பருப்பு சேர்த்தோம். கொழும்பில் இருக்கும் மச்சாள் போனில், "கால் மணித்தியாலத்துல பஞ்சு மாதிரி வெந்திடும்" என்றாள். எனக்கு அரை மணித்தியாலம் தாண்டியும் விரலில் நறநறத்தது. பருப்பின் பிழையா, அடுப்பின் பிழையா? ஒரு நாள் தொழிற்சாலையிலிருந்து தெர்மோமீட்டரைக் கொண்டுவந்து கொதிக்கிற தண்ணீரில் விட்டேன். 94.5 டிகிரி. அவ்வளவுதான் ஏறும், விறகை எவ்வளவு தள்ளினாலும். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது, கிட்டத்தட்ட 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்குகிறது. எங்கள் லயம் 1600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1868 மீட்டரில் இருக்கும் நுவரெலியா டவுனில் இன்னும் கொஞ்சம் குறையும். கடலோரத்துச் சமையல் நேரத்தை மலையில் நம்பக் கூடாது என்று அடிக்கோடு போட்டு எழுதி வைத்தேன்.

ஆனால் அந்தக் கண்டுபிடிப்பின் பெருமையில் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டேன். நேரம் இழுக்க இழுக்கத் தண்ணீர் வற்றும், நான் ஊற்றுவேன், மறுபடி வற்றும், மறுபடி ஊற்றுவேன். அப்புறம் வடியில் தேய்த்து இறக்க வேண்டும், அதற்கும் கொஞ்சம் சுடுதண்ணீர். கடைசியில் கிண்ணத்தில் இருந்தது வழுவழு என்று, கட்டி இல்லாமல், பார்க்க அழகாக இருந்தது. பிள்ளையும் மடமடவென்று குடித்தாள். ஆம், குடித்தாள். அந்தச் சொல்லே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சோறூட்டத் தொடங்கி 26ஆம் நாள் காலை வெயிலில் பிடித்து உட்கார வைத்தபோது மூக்கு நுனி செம்மஞ்சளாக இருந்தது. உள்ளங்கையைப் பார்த்தேன், அதுவும். அம்மாயிக்குக் கண் கலங்கிவிட்டது. "காமாலை மாப்புள. கீழாநெல்லி எங்கயாவது கிடைக்குமா பாருங்க." நான் த்ரீவீல் பிடித்தேன்.

அன்று கிளினிக் நாள் என்பது அதிர்ஷ்டம். மிட்வைஃப் மிஸ் பிள்ளையின் கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பார்த்தார். விழி வெள்ளை வெளேரென்று இருந்தது. "காமாலைன்னா கண்ணு மஞ்சளாகும். இது வேற. கரட் எத்தனை நாளா குடுக்கிறீங்க?" கொப்பியைத் திறந்தேன். 19 நாள், பெரும்பாலும் இரண்டு நேரமும், கரட் இல்லாத வேளையில் பூசணி. கரட்டின் நிறம் அப்படியே தோலில் படிந்திருக்கிறது, ஆபத்து இல்லை, குறைத்தால் தானாகப் போய்விடும் என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அப்புறம் தராசில் போட்டார். ஆறு மாதத்தில் 6.9 கிலோ. இப்போது 7.0. கார்டில் மேலே ஏற வேண்டிய கோடு படுத்துவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"சாப்பாடு கொண்டு வந்திருக்கீங்களா?" பிளாஸ்கில் இருந்தது. கிண்ணத்தில் ஊற்றி, ஒரு கரண்டி அள்ளி, கரண்டியைச் சாய்த்தார். தேத்தண்ணி மாதிரி ஓடியது. "இது சாப்பாடு இல்லீங்க, தண்ணி. கரண்டியைச் சாய்ச்சா உடனே விழக் கூடாது. தயங்கணும்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 30 மில்லிலீட்டர் கொள்ளும் என்பது பொதுக் கணக்கு. 7 கிலோவுக்கு 210. ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு, அவ்வளவுதான் இடம். 6 முதல் 8 மாதம் வரை தாய்ப்பால் போக மற்றச் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 200 கலோரி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் ஒரு மேசைக்கரண்டி அரிசியை ஊற்றி ஊற்றிக் காய்ச்சி ஒரு கோப்பைக் கஞ்சி ஆக்கியிருந்தேன். ஒரு மேசைக்கரண்டி அரிசியில் 50 கலோரி இருந்தால் பெரிய விஷயம். 100 கிராம் கரட்டில் 40 தான். பிள்ளையின் வயிறு நிறைந்தது, அழவில்லை, தூங்கினாள், நாங்களும் திருப்தியாக இருந்தோம். ஒயில் ஊற்ற வேண்டிய இடத்தில் தண்ணியை ஊற்றிவிட்டு, மட்டம் சரியாகக் காட்டுகிறதே என்று நின்ற மாதிரி.

29ஆம் நாளிலிருந்து சமையலைத் திருத்தினேன். மண்சட்டியை எடுத்து வைத்துவிட்டு பிரஷர் குக்கர். மூடி இறுகினால் உள்ளே அழுத்தம் ஏறும், கொதிநிலையும் நூறைத் தாண்டும், மலையின் குறை அதோடு தீர்ந்தது. இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு மைசூர்ப் பருப்பு, நாலு விசில். பயறு என்றால் இரவே ஊற வைத்து ஆறு விசில். வெந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. வடியும் இல்லை, மிக்ஸியும் இல்லை, முள்ளுக்கரண்டியால் மசித்தேன். கொஞ்சம் திரிதிரியாக இருந்தால் இருக்கட்டும், பல் இல்லாவிட்டாலும் ஈறு இருக்கிறது. இறக்கியதும் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயோ நெய்யோ விட்டால் அதிலேயே 40 கலோரி. லயத்துக்குப் பின்னால் பட்டர்ஃப்ரூட் மரம் ஒன்று நிற்கிறது. காய்க்கிற காலத்தில் பாதிப் பழத்தை அணில்தான் தின்னும். அதில் 100 கிராமுக்கு 160 கலோரி, கரட்டைப் போல நாலு மடங்கு. சமைக்கவும் வேண்டாம், மசித்தால் போதும். இதைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு மூன்று வாரம் கரட் துருவியிருக்கிறேன்.

கெட்டியாகச் செய்தால் எங்கள் குளிரில் இன்னொரு தொல்லை. குரக்கன் கூழ் அடுப்பிலிருந்து இறங்கிப் பத்து நிமிடத்தில் களிமண் ஆகிவிடும். மறுபடி தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். அதற்கு வழி: பெரிய கிண்ணத்தில் சுடுதண்ணீர், அதற்குள் சின்னக் கிண்ணம். ஊட்டி முடிகிற வரை இளக்கம் மாறாது. இது அம்மாயியின் யோசனை.

கிளினிக்கில் கேட்ட இரண்டாவது கேள்வியைச் சொல்லவில்லையே. "இரும்புச்சத்துக்கு என்ன குடுக்கிறீங்க?" என்னிடம் பதில் இல்லை. பிறக்கும்போது பிள்ளை கொண்டுவரும் இரும்பு ஆறு மாதம் வாக்கில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகச் சொற்பம். அமெரிக்கக் கணக்குப்படி 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் வேண்டும், வளர்ந்த ஆம்பிளைக்கு 8 போதும். 7 கிலோப் பிள்ளைக்கு என்னைவிட அதிகம் வேண்டும் என்று படித்தபோது இரண்டு தரம் திரும்பிப் படித்தேன். இதற்கு அரிசியும் கரட்டும் எந்த மூலைக்கு?

அதனால் சனிக்கிழமை கோழிக் கடையில் ஒரு துண்டு ஈரல். நன்றாக வேக வைத்து, துருவியில் துருவிச் சோற்றில் பிசைந்தேன். வாரம் ஒரு தரம் மட்டும், ஏனென்றால் ஈரலில் விட்டமின் ஏ மிக அதிகம். நெத்தலிக் கருவாட்டை இரண்டு முறை சுடுதண்ணீரில் ஊற வைத்து, தண்ணீரைக் கொட்டி உப்பை இறக்கி, தலை நீக்கிப் பொடித்தேன். பருப்பு, கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. விட்டமின் சி கூட இருந்தால் எடுக்கும். பருப்பில் நாலு சொட்டுத் தேசிக்காய், அல்லது பின்னால் இரண்டு கரண்டி கொய்யா மசியல். முதல் நாள் தேசிக்காய்க்கு அவள் காட்டிய முகத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம்.

கிளினிக்கில் சத்துத் தூள் பாக்கெட்டும் தருகிறார்கள், ஒரு நாளைக்கு ஒன்று. அதை நான் கொதிக்கிற கூழில் கொட்டிக் கிளறினேன். நிறம் கறுத்து, துருப்பிடித்த ஆணியை நக்கின மாதிரி ஒரு மணம். பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை. அந்தத் தூளில் இரும்புக்கு மேல் மெல்லிய கொழுப்புப் பூச்சு இருக்கிறது, 60 டிகிரி தாண்டினால் உருகிவிடும் என்று பிறகு தெரிந்தது. ஆறிய சோற்றில், முதல் நாலைந்து கரண்டியில் மட்டும் கலந்து கொடுத்தால் ஒரு சத்தமும் இல்லை.

இனி தேத்தண்ணி விவகாரம். 34ஆம் நாள் பகல் தூக்கம் கலைந்து எழுந்து வந்தேன். குசினி வாசலில் அம்மாயி பிள்ளையை மடியில் வைத்து, சாசரில் பிளேன்டீயை ஆற்றி, ரஸ்கைத் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை ஆனந்தமாகச் சப்பிக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணி கூடாது என்றேன். அம்மாயி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்க பொண்டாட்டிய நாப்பது நாள் கழிச்சு பிள்ளை மடுவத்துல விட்டுட்டு மலைக்குப் போனேன். போத்தல்ல சீனி போட்ட சாயத் தண்ணிதான். அன்னைக்கு அதுதான் இருந்துச்சு. அதைக் குடிச்சவதான் இன்னைக்கு டீச்சரா நிக்கிறா."

எனக்குப் பேச்சு வரவில்லை. அதற்கு என்ன பதில் இருக்கிறது? வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். அப்புறம் என் பெட்டியிலிருந்து துருப்பிடித்த ஆணி இரண்டை எடுத்து, தேசிக்காய்ச் சாற்றில் ஊறப் போட்டேன். மறுநாள் சாறு பழுப்பாகியிருந்தது. அம்மாயி பிளேன்டீ ஊற்றி வைத்திருந்த கண்ணாடிக் கிளாஸில் அதிலிருந்து ஒரு கரண்டி விட்டேன். செந்நிறச் சாயம் கண் முன்னாலேயே கறுத்து, மை போலானது.

அம்மாயி கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கவ்வாத்துக் கத்தி கறுக்கும்ல, அது மாதிரி."

அதேதான். செடி வெட்டும்போது தேயிலைச் சாறு கத்தியைக் கறுக்க வைப்பதும் இதே வேலைதான். தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்கிறது, பிடித்ததை வயிறு எடுத்துக்கொள்ளாது. ஈரலையும் பருப்பையும் ஊட்டிவிட்டு மேலே தேத்தண்ணி விட்டால் கொடுத்ததில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிற கதை. நான் இதையெல்லாம் விளக்க வாயெடுத்தேன், அம்மாயி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். முப்பது வருடம் அந்தச் சாறு கையில் ஒட்டியவருக்கு நான் என்ன சொல்ல? அடுத்த நாளிலிருந்து மூன்று மணிக்கு எல்லோரும் தேத்தண்ணி குடிக்கும்போது பிள்ளைக்கென்று ஒரு சின்ன டம்ளர் வந்தது. உள்ளே பீலித் தண்ணீர் (மலை ஊற்றுத் தண்ணீர்), கொதிக்க வைத்து ஆறியது, இரண்டு மிடறு. அவளுக்கும் சபையில் ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

முட்டை, கச்சான் (நிலக்கடலை), மீன் மாதிரி ஒவ்வாமை வரக்கூடியவற்றுக்கு ஒரே ஒரு விதி வைத்தேன்: காலையில் மட்டும், டிஸ்பென்சரி திறந்திருக்கும் நாளில் மட்டும். மழை நாளில் எங்கள் டிவிஷனிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணித்தியாலம் ஆகும். ராத்திரி எட்டு மணிக்குப் புதுச் சாப்பாட்டைச் சோதிப்பது புத்தியில்லை. இவற்றைத் தள்ளிப் போடுவது நல்லது என்றுதான் முன்பு சொன்னார்கள். 2015இல் வெளியான ஆய்வு ஒன்று அதைக் கவிழ்த்தது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமான 640 குழந்தைகளில், சின்னதிலேயே கச்சான் சாப்பிடத் தொடங்கியவர்களுக்குக் கச்சான் ஒவ்வாமை 80 சதவீதம் வரை குறைவாக இருந்தது. தோலில் கடுமையான கரப்பான் (எக்ஸிமா) இருக்கும் பிள்ளைக்கோ, முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கோ டொக்டரைக் கேட்டபிறகுதான் கச்சான் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 41ஆம் நாள் கட்டியாக அவித்த முட்டை கால் தேக்கரண்டி, 47ஆம் நாள் வறுத்து விழுதாக அரைத்த கச்சானைக் கூழில் கரைத்து ஒரு நுனி. ஒன்றும் ஆகவில்லை. முழுக் கச்சான் மட்டும் ஐந்து வயது வரை கிடையாது, தொண்டையில் சிக்கும். தக்காளிக்குத்தான் வாயைச் சுற்றிச் சிவந்தது. துடைத்த அரை மணித்தியாலத்தில் மறைந்தது, வேறு எங்கும் பரவவில்லை. புளிப்பு பட்ட எரிச்சல் என்று எழுதி வைத்தேன்.

58ஆம் நாள் என் உயிர் போய் வந்தது. உருளைக்கிழங்குக் கட்டி ஒன்று. முகம் சிவந்து, நாக்கை நீட்டி ஓங்கரித்தாள். விரலை விடப் போன என் கையை மனைவி பிடித்துக்கொண்டாள். சத்தம் வந்தால் காற்று போகிறது, சத்தமில்லாமல் திணறினால்தான் குப்புறப் போட்டு முதுகில் தட்ட வேண்டும். அவள் பாடசாலை முதலுதவி வகுப்பில் படித்தது. மூன்று நொடியில் கட்டி வெளியே வந்தது. பிள்ளை அதை எடுத்து மறுபடி வாயில் வைத்தாள்.

எட்டாம் மாதம் 7.4 கிலோ. ஒன்பதாம் மாதம், தட்டம்மை ஊசி போடப் போன அன்று 7.8. கோடு எழுந்து நடக்கிறது. மூக்கின் மஞ்சள் போக ஐந்து வாரம் ஆனது. கரட்டை விட்டுவிடவில்லை, வாரம் இரண்டு நாள் போஞ்சியோடும் லீக்ஸோடும் வருகிறது.

இப்போது கொப்பியில் மூன்று கையெழுத்து. என்னுடையது, சிவப்புப் பேனாவில் மனைவியுடையது, பென்சிலில் அம்மாயி கொட்டை எழுத்தில் போடுவது. கடைசியாக இருப்பது நேற்றைய பக்கம், பென்சில்: "வல்லாரை. துப்பிட்டா. மூணாந் தடவ. நாளைக்கும் வைக்கணும்."